அதிர்ச்சியில் துவளும் இருதயம், கூடவே மின்பாதை அடைப்பு: எதை முதலில் பிடிப்பது?

வயது அறுபதைத் தாண்டிய பெண். வீட்டில் ஒரு செத்தவீடு, அல்லது கடும் வாக்குவாதம், அல்லது இடுப்பெலும்பு முறிவு, அல்லது மோசமான ஆஸ்துமா. சில மணிநேரத்தில் நெஞ்சு நோ, மூச்சு முட்டல். ஈசிஜி எடுத்தால் மாரடைப்பைப் போலவே எஸ்டி பகுதி உயர்ந்து நிற்கும். ஆஞ்சியோகிராம் செய்தால் அந்தத் தசைக் கோளாறை விளக்கக்கூடிய அடைப்பு எதுவும் இராது. எக்கோவில் இடது கீழறையின் நுனி உப்பி அசையாமல் கிடக்கும், அடிப்பகுதி மட்டும் வேகவேகமாகச் சுருங்கும். 1990இல் ஜப்பானில் சாட்டோவும் அவரோடு சேர்ந்த வைத்தியர்களும் எழுதிவைத்த டாக்கோட்சுபோ, அதாவது இருதயத் தசை திடீரென்று தற்காலிகமாகச் செயலிழக்கும் நோய், இதுதான்.

தமிழில் இதைப் பற்றி வரும் கட்டுரைகள் பெரும்பாலும் 'கவலையால் வருவது, சில வாரத்தில் தானாக மாறிவிடும்' என்ற அளவோடு நின்றுவிடுகின்றன. தசையை மட்டும் பார்த்தால் அது பெருமளவு சரி. ஆனால் அதே நோயாளியின் நாடி 36 என்று ஓடினால், அதாவது மேலறையிலிருந்து கீழறைக்கு மின்துடிப்பு இறங்காத முழு அடைப்பும் சேர்ந்திருந்தால், கதை வேறு. இங்கே ஒரு நோய்க்கு வழமையாகக் கொடுக்கும் மருந்து மற்றதைக் கெடுக்கும். தசை திரும்பிய பின்னும் மின்பாதை திரும்பாமல் போவது அடிக்கடி நடக்கிறது. இந்தச் சேர்க்கை அரிது. டாக்கோட்சுபோ நோயாளிகளில் நூற்றுக்கு ஏறத்தாழ மூன்று பேருக்கே மேலறை-கீழறை அடைப்பு பதிவாகியிருக்கிறது. அரிது என்பதாலேயே இரவுக் கடமையில் நிற்பவருக்குக் கை பழகியிருக்காது.

கவலை என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு நோயைத் தேடுவதும் பிழையான வழி. டாக்கோட்சுபோ நோயாளிகளின் பன்னாட்டுப் பதிவேடான இன்டர்டாக் 2015இல் வெளியிட்டதில் 1,750 பேர். அவர்களில் ஏறத்தாழ 90 வீதம் பெண்கள், சராசரி வயது 67க்குக் கிட்ட. உடல் சார்ந்த தூண்டுதல் 36 வீதம், மனம் சார்ந்தது 28 வீதம் அளவில், எந்தத் தூண்டுதலும் அகப்படாதவர்களும் 28 வீதம் அளவில். ஆகவே 'அம்மாவுக்கு ஒரு கவலையும் இல்லையே டொக்டர்' என்று பிள்ளைகள் சொன்னாலும் நோயைப் பட்டியலிலிருந்து வெட்டிவிட முடியாது. நிமோனியா, சத்திரசிகிச்சை, மூளையில் இரத்தக்கசிவு எல்லாம் போதும்.

எது முன், எது பின்

அட்ரினலினும் நோரட்ரினலினும் இரத்தத்தில் அளவுக்கு மிஞ்சிப் பாய்வதுதான் அடிப்படை என்று பெரும்பாலானோர் ஏற்கிறார்கள். கீழறை நுனியில் அட்ரினலினை ஏற்கும் பீட்டா ஏற்பிகள் அடர்த்தி. மிகையான அட்ரினலின் அங்குள்ள பீட்டா-2 ஏற்பியை, சுருங்கத் தூண்டும் வழியிலிருந்து சுருக்கத்தை அடக்கும் வழிக்குத் திருப்பிவிடுகிறது என்பது விலங்குப் பரிசோதனைகளில் கண்டது. நுண்குழாய்கள் இறுகுவதும் சேர்கிறது.

இதில் ஓர் உறுத்தல் உண்டு. நோய் தாக்குவது பெரும்பாலும் நுனியை. மேலறையிலிருந்து கீழறைக்கு மின்துடிப்பைக் கடத்தும் ஏவி கணுவும் ஹிஸ் கற்றையும் இருப்பதோ இடைச்சுவரின் அடிப்பக்கம். நுனி செயலிழந்தால் அடிப்பக்கப் பாதை ஏன் அடைபட வேண்டும்? நுண்குழாய் இறுக்கமும் வீக்கமும் அதுவரை எட்டலாம். ஆனால் பல நோயாளிகளில் பாதை ஏற்கெனவே வயதால் நாராகி நலிந்திருந்தது என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. எதிர்த்திசையும் உண்மை. முழு அடைப்பு முதலில் வந்து, நாடி 30க்கு இறங்கி, ஆள் மயங்கி விழுந்தால், அந்த விழுகையே உடலுக்குப் பேரதிர்ச்சி. உடல் அட்ரினலினைக் கொட்டுகிறது, தசை அதற்குப் பலியாகிறது. அடைப்பு காரணம், டாக்கோட்சுபோ விளைவு.

இதைப் பிரித்தறிய உதவும் பொருள் பெரும்பாலும் நோயாளியின் கைப்பையில் இருக்கிறது: கிளினிக் கொப்பி. அதற்குள் மடித்து வைத்த பழைய ஈசிஜியைத் தேடிப் பாருங்கள். அதில் ஹிஸ் கற்றையின் கிளைகளில் இடது கற்றை அடைப்போ, வலது கற்றை அடைப்போடு அச்சுத் திரும்பியிருப்பதோ, பிஆர் இடைவெளி (மேலறையிலிருந்து கீழறைக்குத் துடிப்பு இறங்க எடுக்கும் நேரம்) 200 மில்லிசெக்கனைத் தாண்டியிருப்பதோ தெரிந்தால், மின்பாதை நோய் முன்பே இருந்தது. கடந்த மாதங்களில் தலைச்சுற்று, காரணமில்லாமல் விழுந்தது, படியேறக் களைத்தது பற்றிக் கேளுங்கள். கொப்பியில் மின்பாதையை மந்தமாக்கும் மருந்துகளான அட்டெனலோல், பிசோப்ரோலோல், வெராப்பமில், டில்டயஸெம், டிகொக்சின் எழுதியிருக்கிறதா என்பதையும் அதே மூச்சில் பார்த்துவிடலாம்.

இலங்கையில் முழு அடைப்பைக் கண்டவுடன் இன்னும் இரண்டு விடயங்களை நினைக்காமல் இருப்பது தவறு. ஒன்று மஞ்சள் அலரி நஞ்சு. அதன் கிளைக்கோசைட்டுகள் டிகொக்சினைப் போலவே ஏவி அடைப்பையும் பொட்டாசிய உயர்வையும் கொண்டுவரும். வாந்தி இருந்ததா என்று கேட்டு, பொட்டாசியம் பார்த்து, வீட்டாரிடம் தனியாகவும் மெதுவாகவும் விசாரிக்க வேண்டும். மற்றது டெங்கு. காய்ச்சல் அடங்கும் நாட்களில் நாடி மந்தமாவதும், சிலருக்கு இருதயத் தசை அழற்சியோடு அடைப்பு வருவதும் உண்டு. மழைக்காலத்துக் கொழும்பில் வெண்குருதிக் கலங்களும் தட்டணுக்களும் பார்க்காமல் டாக்கோட்சுபோ என்று முத்திரை குத்தக்கூடாது.

ஈசிஜி தாளோடு கொஞ்ச நேரம்

தாள் 25 மி.மீ. வேகத்தில் ஓடுகிறது, சின்னக் கட்டம் ஒன்று 40 மில்லிசெக்கன். பி அலைகள் (மேலறையின் துடிப்பு) தம்பாட்டுக்கு ஒரே இடைவெளியில் போகும், க்யூஆர்எஸ் (கீழறையின் துடிப்பு) வேறொரு இடைவெளியில் வரும், இரண்டுக்கும் தொடர்பு இராது. க்யூஆர்எஸ் ஒடுங்கியிருந்தால் மாற்றுத் துடிப்பு ஹிஸ் கற்றைப் பக்கமிருந்து வருகிறது, ஓரளவு நம்பலாம். 120 மில்லிசெக்கனுக்கு மேல் அகன்று, வேகமும் 40க்குக் கீழ் என்றால் அது கீழே எங்கோ பிறக்கும் துடிப்பு. எந்த நிமிடமும் நிற்கக்கூடியது.

அடுத்து க்யூடி, அதாவது கீழறையின் மின்துடிப்பு தொடங்கித் தணியும்வரை ஆகும் நேரம். டாக்கோட்சுபோவில் இரண்டாம், மூன்றாம் நாளில் டி அலைகள் ஆழமாகக் கவிழ்ந்து க்யூடி நீளும். அதோடு நாடியும் மந்தம் என்றால் டோர்சாட் என்னும் முறுக்கு வகை வேகத்துடிப்புக்கு எல்லாம் தயார். கணக்கில் கவனம் தேவைப்படுவது இங்கேதான். நாடி 36, க்யூடி 16 சின்னக் கட்டம், அதாவது 640 மில்லிசெக்கன் என்று வைத்துக்கொள்வோம். ஆர்-ஆர் இடைவெளி 1.67 செக்கன். இயந்திரம் வழமையாக அச்சடிக்கும் பாஸெட் சூத்திரத்தில் வர்க்கமூலத்தால் வகுத்தால் 496 வரும். 500க்குக் கீழ்தானே என்று மனம் ஆறும். பிரிடெரிசியா சூத்திரத்தில் கனமூலத்தால் வகுத்தால் 540. மந்த நாடியில் பாஸெட் க்யூடியைக் குறைத்தே காட்டும். ஆகவே இந்த நோயாளிகளில் இயந்திரம் தரும் எண்ணை விட்டுவிட்டு, அளவுகோலும் கைத்தொலைபேசிக் கணிப்பானும் எடுப்பதே முறை. க்யூஆர்எஸ் அகன்றிருந்தால் அந்த அகலமும் க்யூடிக்குள் சேர்ந்துவிடும் என்பதையும் கழித்துப் பார்க்க வேண்டும்.

பொட்டாசியத்தை 4.5க்கும் 5க்கும் இடையில் வைத்திருங்கள். டோர்சாட் வந்தால் மக்னீசியம் சல்பேட் 2 கிராம், நாளம் வழியே, 10 நிமிடத்தில். வாந்திக்கு என்று கை தானாகத் தேடும் டொம்பெரிடோன், ஒண்டன்செட்ரோன், குழப்பத்துக்குப் போடும் ஹலோபெரிடோல், நெஞ்சுச் சளிக்குக் கொடுக்கும் கிளாரித்ரோமைசின் எல்லாம் க்யூடியை நீட்டுபவை. மருந்துத் தாளில் இவற்றில் ஒன்றாவது இருப்பது ஆச்சரியப்படும் அளவுக்குச் சாதாரணம். அமியோடரோனும் வேண்டாம்.

மாரடைப்பா, டாக்கோட்சுபோவா என்று ஈசிஜியை மட்டும் வைத்து முடிவு செய்ய வழியில்லை. இன்டர்டாக் புள்ளிக் கணக்கு உதவும்: பெண் 25, மனத் தூண்டுதல் 24, உடல் தூண்டுதல் 13, எஸ்டி இறக்கம் இல்லாமை 12, மனநோய் 11, நரம்பு நோய் 9, க்யூடி நீட்சி 6. மொத்தப் புள்ளி எழுபதைத் தாண்டினால் டாக்கோட்சுபோவுக்குச் சாத்தியம் அதிகம். ஆனால் எஸ்டி உயர்ந்திருந்தால் புள்ளி எவ்வளவு என்றாலும் ஆஞ்சியோகிராம்தான் தீர்ப்பு. எக்கோவில் தசைக்கேடு ஒரே இரத்தக்குழாயின் எல்லையைத் தாண்டிப் பரந்திருப்பதும், அந்தப் பரப்புக்குச் சற்றும் பொருந்தாத அளவில், தசை சேதத்தைக் காட்டும் இரத்தப் பரிசோதனையான ட்ரோபோனின் கொஞ்சமாக ஏறியிருப்பதும் சந்தேகத்தைக் கூட்டும்.

கத்லாப் (ஆஞ்சியோகிராம் செய்யும் கூடம்) இல்லாத வைத்தியசாலைகளில் இன்னொரு சிக்கல். எஸ்டி உயர்வைக் கண்டு இரத்தக்கட்டி கரைக்கும் மருந்து போட்டுவிடுவார்கள், அது தவறென்று சொல்ல மாட்டேன், அந்த நேரத்தில் வேறு வழியில்லை. ஆனால் அதன் பிறகு தற்காலிக பேஸ்மேக்கர் கம்பி போட நாளம் குத்த வேண்டி வந்தால் இடம் முக்கியம். காறை எலும்புக்குக் கீழே குத்தினால் இரத்தம் கசியும்போது அழுத்திப் பிடிக்க முடியாது. தொடை நாளம், அல்லது அல்ட்ராசவுண்ட் பார்த்துக் கழுத்து நாளம்.

மருந்து முட்டும் இடம்

மந்த நாடிக்குப் படிப்படியாக என்ன செய்வோம்? அட்ரோபின். நம் வார்டுகளில் 0.6 மி.கி. ஆம்பியூல்கள், மொத்தம் 3 மி.கி. வரை. க்யூஆர்எஸ் அகன்ற முழு அடைப்பில் அது பெரும்பாலும் பலன் தராது. அடைப்பு இருப்பது கணுவுக்குக் கீழே, அட்ரோபின் எட்டாத இடம். அடுத்த படியாக ஐசோப்ரினலின், அட்ரினலின், டோபமின். இங்கேதான் நிற்க வேண்டும். தசையை வீழ்த்திய அதே இனத்தை நாமே சொட்டுச் சொட்டாக ஏற்றுகிறோம். டொபியூட்டமின் கொடுத்துச் செய்யும் எக்கோவின்போதும், ஒவ்வாமைக்குப் போட்ட அட்ரினலினுக்குப் பிறகும் டாக்கோட்சுபோ வந்த நோயாளிகள் மருத்துவ இலக்கியத்தில் உண்டு. ஆகவே இந்தச் சேர்க்கையில் மருந்துப் படியைத் தாண்டி நேரே மின்தூண்டலுக்குப் போவதே என் கட்சி. கம்பி போடும்வரை ஆள் தாங்காது, வேறொன்றும் கையில் இல்லை என்றால், மிகக் குறைந்த வேகத்தில், மிகக் குறுகிய நேரத்துக்கு மட்டும். இருதயம் நின்றே போனால் வழமையான உயிர்மீட்பு முறைதான், அங்கே இந்த வாதத்துக்கு இடமில்லை.

மறுபக்கம், டாக்கோட்சுபோவுக்கென்று பலர் எழுதும் பீட்டா தடுப்பான் அடைப்பை முற்றச் செய்யும். கம்பி போட்டு, அது நம்பகமாகத் துடிப்பைப் பிடிக்கும்வரை அதைத் தொடக்கூடாது. சிலருக்கு அடிப்பகுதி அதிகமாகச் சுருங்குவதால் இடது கீழறையின் வெளிவாசல் நெருக்கப்பட்டு அழுத்தம் விழும். புதிய முணுமுணுப்பு ஒலி, குழாயை விரிக்கும் ஜிடிஎன்னோ நீரை வெளியேற்றும் பிரூஸ்மைடோ கொடுத்ததும் அழுத்தம் இன்னும் சரிவது, இவை அடையாளம். இவர்களுக்கு இன்னோட்ரோப் (சுருக்கத்தைக் கூட்டும் மருந்து) கொடுத்தால் நிலைமை மோசமாகும், திரவமும் பீட்டா தடுப்பானும் வேண்டும், அதற்கு முன் பேஸ்மேக்கர் காவல் வேண்டும். வரிசை மாறினால் ஆபத்து.

தோல் வழியாகத் தூண்டுவது பாலம் மட்டுமே. ஒட்டுப்பட்டைகளை நெஞ்சிலும் முதுகிலும் ஒட்டி, நிமிடத்துக்கு 70 வைத்து, மில்லிஅம்பியரை ஏற்றிக்கொண்டே போக வேண்டும். பெரும்பாலும் 50 முதல் 100க்குள் பிடிக்கும். பிடித்ததா என்பதைக் கழுத்து நாடியில் பார்க்காதீர்கள், தசை துள்ளுவதை நாடி என்று விரல் ஏமாறும். தொடை நாடியில் அல்லது விரல் ஒக்சிஜன் மானியின் அலையில் பாருங்கள். வலி கடுமையாக இருக்கும். வலியும் பயமும் மீண்டும் அட்ரினலின் என்பதால், வலிநீக்கியும் மயக்கமருந்தும் இங்கே சிகிச்சையின் பாகம்.

கம்பி உள்ளே போன பின், அதற்குத் துடிப்பு அனுப்பும் வெளிப் பேஸ்மேக்கர் பெட்டியில் வேலை தொடங்குகிறது. வேகத்தை நோயாளியின் சொந்த வேகத்துக்கு மேலே வைத்து, 3 மில்லிஅம்பியரில் தொடங்கி மெல்லக் குறைத்துக்கொண்டே வாருங்கள். திரையில் தூண்டற்கோடு இருக்க, பின்னால் க்யூஆர்எஸ் வராமல் போகும் புள்ளிதான் வாசல் அளவு. அது 1க்குக் கீழ் என்றால் நல்ல இடம். வெளியீட்டை அதைவிட இரண்டு மூன்று மடங்கில் வைத்து, ஒவ்வொரு நாளும் மீண்டும் அளந்து தாளில் எழுதுங்கள். நேற்று 0.6, இன்று 1.8 என்றால் கம்பி நகர்ந்திருக்கிறது, அல்லது துளைத்திருக்கிறது. வலது கீழறைச் சுவர் மெல்லியது, டாக்கோட்சுபோ ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு அந்தப் பக்கத்தையும் பிடிக்கிறது. விக்கல் வந்தாலோ, ஈசிஜியின் வி1 பதிவில் க்யூஆர்எஸ் வலது கற்றை அடைப்பு வடிவுக்கு மாறினாலோ, அழுத்தம் சரிந்தாலோ உடனே எக்கோ வைத்து இருதய உறையில் இரத்தம் சேர்கிறதா என்று பார்க்க வேண்டும். பெட்டியின் மின்கலத்தைப் பார்க்க மறப்பவர்களும் உண்டு. மாற்று மின்கலம் கட்டிலருகிலேயே இருக்கட்டும்.

வேகம் எவ்வளவு? க்யூடி நீண்டிருந்தால் 80 முதல் 90. நீண்ட இடைநிறுத்தம் இல்லாவிட்டால் டோர்சாட் தொடங்குவது கடினம். வெளிவாசல் நெருக்கம் இருந்தால் அந்த வேகமே எதிரி, மேலறையோடு ஒத்துப்போகாத துடிப்பும் எதிரி. அப்போது 70 அளவில் வைத்து, கட்டிலருகே எக்கோ பார்த்துக்கொண்டே சரிசெய்ய வேண்டியதுதான்.

நிரந்தரமா, பொறுப்பதா

வீட்டார் கேட்கும் கேள்வி இதுதான்: 'தசை சரியாகிவிடும் என்றால் மெஷின் எதற்கு?' நியாயமான கேள்வி. தசை சில வாரங்களில், பெரும்பாலும் மூன்று மாதத்துக்குள் பழைய நிலைக்கு வரும். ஆனால் முழு அடைப்போடு வந்தவர்களில் தசை முற்றாகத் திரும்பிய பின்னும் அடைப்பு நீடித்தது பல தடவை எழுதப்பட்டிருக்கிறது. மாரடைப்புக்குப் பிந்திய அடைப்பில் குறைந்தது ஐந்து நாள் பொறுக்கும் வழக்கம் உண்டு. அதையே இங்கும் தொடக்கமாக வைத்துக்கொள்ளலாம். மருந்து, பொட்டாசியம், தைரொயிட், நஞ்சு, தொற்று எல்லாம் விலக்கி, அந்த நாட்களுக்குப் பின்னும் அடைப்பு நீங்காவிட்டால், அல்லது பழைய ஈசிஜியே கெட்டிருந்தால், நிரந்தரக் கருவி. தசை திரும்பட்டும் என்று மாதக்கணக்கில் காக்கவைப்பதை நான் ஏற்கமாட்டேன். ஐயம் தீராதவர்களுக்கு இடைவழி ஒன்று: திருகி நிற்கும் நிரந்தர வகைக் கம்பியைக் கழுத்து வழியே போட்டு, வெளியே பேஸ்மேக்கரை ஒட்டிவிடுவது. நோயாளி எழுந்து நடக்கலாம், வாரக்கணக்கில் பொறுக்கலாம்.

கருவி வைக்குமுன் வாய்ப்பிருந்தால் இருதய எம்ஆர்ஐ எடுத்துவிட வேண்டும். டாக்கோட்சுபோவில் வீக்கம் தெரியும், வடு பொதுவாகத் தெரியாது. இடைச்சுவரில் வடு தெரிந்தால் சார்கோயிட்டோசிஸ் (உறுப்புகளில் அழற்சிக் கணுக்கள் உண்டாகும் நோய்) அல்லது வேறு அழற்சி என்று பாதை மாறும், கருவியின் வகையும் மாறலாம். கருவி வைத்த பின் எடுத்தால் படத்தில் நிழல் விழும். அதேபோல, முதல் நாள் எக்கோவில் இறைக்கும் திறன் 30 வீதம் என்பதைப் பார்த்து அதிர்வு கொடுக்கும் ஐசிடி வைக்க அவசரப்படக்கூடாது. அந்த 30 நிலைக்கப்போவதில்லை. வயது, மேலறைத் தாளம் பொருந்தினால் இரட்டை அறைக் கருவி போதும். இடது கற்றைப் பகுதியில் கம்பி பதிக்கும் வசதி இருந்தால் நான் அதைத்தான் கேட்பேன்.

நுனி அசையாமல் கிடக்கும்போது இரத்தக்கட்டி சேரும் அபாயம் உண்டு, அதற்கு இரத்தம் உறையாமருந்து தேவைப்படலாம். அதைக் கருவி வைக்கும் நேரத்தோடு ஒத்திசைக்காவிட்டால் தோலுக்கடியில் இரத்தம் தேங்கி, பின்னர் தொற்றாகும்.

வீட்டாருக்குச் சில வரிகள். நெஞ்சு நோ, மயக்கம் என்றால் 1990 இலக்கத்தில் சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள், முச்சக்கரவண்டியில் ஏற்றிக்கொண்டு ஓடாதீர்கள். வழியில் நாடி நின்றால் வண்டியில் ஒன்றும் செய்ய முடியாது. கிளினிக் கொப்பியும் குளிசை உறைகளும் கூடவே வரட்டும். கருவி வைத்த பக்கத்துக் கையை நாலு முதல் ஆறு வாரம் தோளுக்கு மேல் தூக்க வேண்டாம், ஆனால் அசைக்காமல் கட்டியும் வைக்க வேண்டாம், தோள் இறுகிவிடும். கைத்தொலைபேசியைச் சட்டைப்பையில் கருவிக்கு மேல் வைக்காமல் 15 செ.மீ. தள்ளியே வைத்திருங்கள். கருவி அட்டையைப் பணப்பையில் வையுங்கள். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் பரிசோதனை வாசலில் அதைக் காட்டினால் போதும்.

மூன்றாம் மாதத்தில் எக்கோவும் கருவிப் பரிசோதனையும் ஒரே நாளில் அமைந்தால் நல்லது. கருவியின் அடிவேகத்தைத் தற்காலிகமாக 40க்கு இறக்கி, சொந்தத் துடிப்பு எழும்புகிறதா என்று பார்ப்பார்கள். எழும்பினாலும் கருவியைக் கழற்றச் சொல்லிக் கேட்காதீர்கள். இந்த அடைப்பு விட்டுவிட்டு வரும். திரும்பிய இறைக்கும் திறன் ஒரு வருடம் கழித்து மீண்டும் இறங்கினால், உடனே டாக்கோட்சுபோ திரும்பிவிட்டது என்று எழுதவேண்டாம். அது திரும்புவது திடீரென்று, நோவோடும் ஈசிஜி மாற்றத்தோடும். மெல்ல மெல்ல, வலியில்லாமல் இறங்கி, மொத்தத் துடிப்புகளில் வலது கீழறைத் தூண்டல் 20 வீதத்தைத் தாண்டியிருந்தால், தூண்டலே தசையைக் களைக்கச் செய்கிறது. கம்பியை இடது கற்றைப் பகுதிக்கு மாற்றுவது அல்லது இரு கீழறைகளையும் சேர்த்துத் தூண்டும் கருவிக்கு உயர்த்துவது அதற்கான வழி.